தட்டாத பேரம்

எங்க மஞ்சக்காட்டுப்புதூர் மண்டியில ஒரு காலத்துல ஆறு மாசத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு கை வரும், தெனமும் காலையில பதினோரு மணிக்கு வந்து மஞ்சள் ரேட்டைச் சொல்லிட்டுப் போகும். இதைச் சொன்னா ஈரோட்டுக்காரன் சிரிப்பான், சேலத்துக்காரன் நம்ப மாட்டான், எங்க ஊர்க்காரன் மட்டும், "ஆமா, அதுக்கென்ன இப்போ, டீ சொல்லட்டுமா?" ம்பான். நான் அவிநாசியப்பன், மண்டியில மூணாம் நம்பர் கடை, ஊருக்குள்ள கருமின்னு எனக்கு ஒரு பேரு, அதைப் பத்தி எனக்கு ஒரு வெசனமும் இல்லை. நாலாம் நம்பர் கடை பொங்கியண்ணனோடது. தொழில்ல எனக்கும் அவனுக்கும் கடும் போட்டி, மத்தபடி சின்னதுல இருந்து ஒரே தட்டுல சோறு தின்னவங்க.

மொதல்ல துண்டைப் பத்திச் சொல்லிடறேன். மாட்டுச் சந்தையில இருந்து எங்க மண்டிக்கு வந்த பழக்கம் அது. விக்கறவனும் வாங்கறவனும் வாயைத் தொறக்க மாட்டாங்க, ஒரு துண்டைப் போட்டு அதுக்கடியில கையைக் கோத்துக்குவாங்க, பேசறதெல்லாம் விரலுதான். ஒரு விரலைப் பிடிச்சா ஒண்ணு, நாலைப் பிடிச்சா நாலு, உள்ளங்கையை அழுத்துனா அஞ்சு, அழுத்திட்டு நாலு விரலைப் பிடிச்சா அஞ்சும் நாலும் ஒம்பது. பேரம் படிஞ்சா உள்ளங்கையில ஒரு தட்டு. தட்டாம கையை எடுத்துட்டா பேரம் முறிஞ்சு போச்சுன்னு நெனைச்சுக்காதீங்க, அது நாளைக்கும் நிக்குதுன்னு அர்த்தம், அப்படி நிக்கற பேரத்துல மூணாவது ஆளு புகுந்தா அது அடுத்தவன் எலையில கை வைக்கற மாதிரி. நான் எவ்வளவு கருமியா இருந்தாலும் அதை மட்டும் செஞ்சதில்லை.

ஒரு ஆடிப் பதினெட்டு அன்னிக்கு ஊரே காவேரிக்குப் போயிருந்துச்சு, மண்டியில ஈ ஓட்டக்கூட ஆளில்லை. பொங்கியண்ணன் பழக்கதோசத்துல வலக்கை மேல துண்டைப் போட்டுட்டுச் சும்மா உக்காந்திருந்தான். பதினோரு மணிக்குத் துண்டுக்குள்ள ஒரு கை வந்து அவன் கையைப் பிடிச்சுது, உள்ளங்கையை அழுத்துச்சு, நாலு விரலைப் பிடிச்சுது, போயிடுச்சு. அவன் என் கடைக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு, "அவிநாசி, தையில மஞ்சள் ஒம்பதாயிரம்டா" ன்னான். அன்னிக்கு ரேட்டு மூட்டைக்கு நாலாயிரம். "தையின்னு உனக்கு எப்படித் தெரியும்?" ன்னேன். "கை சில்லுன்னு இருந்துச்சு, புதுசா வேக வெச்ச மஞ்ச வாசம் அடிச்சுது, ஆடியில எவன்டா மஞ்ச வேக வெக்கறான்?" ன்னான். நியாயமாத்தான் பட்டுது. மறுநாளும் கை வந்துச்சு, ஆனா நாலாயிரத்து நூறுன்னு சொல்லுச்சு, அப்புறம் ஒரு நாளும் ஒம்பதுன்னு சொல்லவே இல்லை. நான் அப்பவே சுதாரிச்சிருக்கணும், ஆசை யாரை விட்டுது, அந்த மொத நாள் ஒம்பதை நம்பி அறுபது மூட்டையை விக்காம அடுக்கி வெச்சேன்.

ஊரு அந்தக் கையை எப்படி ஏத்துக்கிச்சுன்னா, புதுசா வந்த பஸ்ஸை ஏத்துக்கற மாதிரிதான். மொத வாரம் வேடிக்கை பாத்தாங்க, ரெண்டாவது வாரம் நேரத்துக்கு வரலைன்னா திட்டுனாங்க, மூணாவது வாரம் கல்யாணம், காதுகுத்து, நெலம் கிரயம், மாட்டுக்குத் தடுப்பூசி எல்லாத்தையும் பதினோரு மணிக்கு முன்னால பின்னாலன்னு வெச்சுப் பேசுனாங்க. மாரியம்மன் கோயில் பூசாரி தெனம் கைக்குன்னு ஒரு பொட்டலம் திருநீறு சேத்து மடிச்சுக் குடுத்துவிட்டாரு, சோசியக்காரரு மட்டும் கோவிச்சுட்டு ரெண்டு மாசம் மண்டிப் பக்கமே வரலை. பொங்கியண்ணன் தங்கமான ஆளு, கை சொன்ன ரேட்டை ஒளிக்காம கரும்பலகையில எழுதிப் போட்டான். நாங்களும் ஆளாளுக்குத் துண்டு போட்டுப் பாத்தோம், எங்க கைக்கெல்லாம் வேர்வைதான் வந்துச்சு. ஊருக்கு இருந்த ஒரே மனக்கொறை, வர்றது இடக்கை. பொம்பளைக் கை, கட்டைவிரல்ல சூடுபட்ட வடு, அதுவும் இடக்கை. "எதிர்காலமாவே இருந்துட்டுப் போகட்டும், அதுக்காக நல்ல காரியத்தை இடக்கையிலயா சொல்றது?" ன்னு எங்க பெரியம்மா அந்தப் பலகையைப் பாக்கும்போதெல்லாம் மொணகும்.

தை பொறந்ததும் மண்டிச் சங்கத்துக்காரங்க எலெக்ட்ரானிக் தராசு மாட்டறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து ஒரு இஞ்சினியரைக் கூப்பிட்டாங்க. வந்தது ஒரு பொண்ணு. பேரு ரேணுகாதேவி. தராசை மாட்டி முடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பியிருக்கணும், கெளம்பாம மூட்டை மேல உக்காந்து எங்க பேரத்தையே பாத்துட்டு இருந்தா. "எடையை மெசின் சொல்லுது, ரேட்டை மட்டும் ஏனுங் இப்படி ஒளிச்சு ஒளிச்சுப் பேசறீங்க?" ன்னா. "வெதைக்கும்போதே அறுக்கற மாசத்து ரேட்டைப் பேசிக்கற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் பண்ணலாமுங்க. அந்தந்த ஊர் வெவசாயி அவங்கவங்க ஊர்லயே உக்காந்துட்டு விக்கலாம். இதுக்கு முன்பேரம்னு பேரு." நாங்க சிரிச்சோம். "அதைத்தான் எங்க கை பண்ணுதே அம்முணி" ன்னோம். அவ சிரிக்கலை, நோட்டை எடுத்துக்கிட்டு, "அப்ப எனக்கு விரல் பாசையைச் சொல்லிக் குடுங்க, அது தெரியாம நான் மெசினுக்கு என்னத்தைச் சொல்லித் தர்றது?" ன்னா.

அன்னிக்குத் தேதி தைப் பதினெட்டு. பொங்கியண்ணன் எந்த விரலுக்கு எந்த எண்ணுன்னு வாயால சொல்லிட்டுத் துண்டை விரிச்சு, "கையை உள்ள விட்டு வெய்யுங்க, டீயைக் குடிச்சுட்டு வந்து பிடிச்சுக் காட்டறேன்" னு ரெண்டு டம்ளரைக் கையில வெச்சு டீயை ஆத்திட்டு இருந்தான். அவ எழுதறதும் இடக்கை, சால்டரிங் வெக்கறதும் இடக்கை, பழக்கத்துல இடக்கையைத்தான் உள்ள விட்டா. விட்டதும் மொகம் மாறுச்சு.

"ஏனுங், உங்க ரெண்டு கையும் வெளியிலதானே இருக்குது?"

"ஆமாங்."

"அப்ப உள்ள என் கையைப் பிடிச்சிருக்கறது யாருங்?"

பொங்கியண்ணன் ஆத்தற டீயை அப்படியே நிறுத்திட்டுச் சொவத்துக் கடிகாரத்தைப் பாத்தான், மணி பதினொண்ணு, அப்புறம் துண்டுக்கு வெளிய தெரிஞ்ச அவ முழங்கையைப் பாத்தான், இடது முழங்கை. "அந்தக் கை எப்படி இருக்குதுங்?" ன்னான். "சூடா இருக்குது. ஆத்துப் புதுத்தண்ணி வாசம் அடிக்குது" ன்னா. மண்டியே எந்திரிச்சு நின்னு, "ரேட்டைச் சொல்லுங்க, ரேட்டைச் சொல்லுங்க!" ன்னு கத்துச்சு. நாலுன்னு சொல்லத்தான் வந்தா, பயத்துல அந்த உள்ளங்கையை இறுக்கி அழுத்திட்டு, அப்புறம்தான் நாலு விரலைப் பிடிச்சா. "அய்யய்யோ, ஒம்பதுன்னு போயிருச்சோ?" ன்னு கையை வெளிய எடுத்தா, கட்டைவிரல்ல சூடுபட்ட வடு. பொங்கியண்ணன் டம்ளரைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சான் பாருங்க, கண்ணுல தண்ணி ஊத்த ஊத்தச் சிரிச்சான். மண்டியே சிரிச்சுது. நான் ஒருத்தன்தான், "அடிப்பாவி, என் அறுபது மூட்டை!" ன்னு தலையில கை வெச்சுட்டு நின்னேன்.

அப்புறம் என்ன, வைகாசியில அவங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம். கல்யாணத்தை நடத்தி வெக்கற அருமைக்காரர் கைகோர்வைச் சீருக்கு ரெண்டு பேரு சுண்டுவிரலையும் கோத்துவிடும்போது, "மாப்பிள்ளை, கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" ன்னாரு. "அதைப் பிடிச்சுப் பத்து மாசமாச்சுங்க" ன்னான் இவன். அந்தத் தைப் பதினெட்டுல இருந்தே தெனமும் பதினோரு மணிக்கு அவ ஒரு பக்கம் இடக்கையை விட்டு, ஆறு மாசம் முந்தி உக்காந்திருந்த புருசனுக்கு அன்னிக்கு ரேட்டைச் சொல்லுவா; அவன் இந்தப் பக்கம் வலக்கையை விட்டு, ஆறு மாசம் தள்ளி உக்காந்திருக்கற பொண்டாட்டிகிட்ட ரேட்டைக் கேப்பான்; எதிரெதிர உக்காந்துட்டு, ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுட்டு, ஆனா அந்தக் கையில்லை, வேற மாசத்துக் கை. கடைசியில உள்ளங்கையில ஒரு தட்டு, அன்னிக்குப் பேரம் முடிஞ்சுது.

ஆனா அவ மெசினை விடலை. ராசியில்லாத வேலைன்னு நாங்க சொன்னதும் கேக்கலை. "ஒரு கையை நம்பி ஒரு ஊரா, அவிநாசியண்ணா? நான் இன்னிக்கு ரேட்டைச் சொல்றேன், அதைக் கேட்டுத்தான் நீங்க ஆறு மாசம் முந்தியே விக்கறீங்க, நீங்க வித்ததாலதான் இன்னிக்கு இந்த ரேட்டு. அப்ப ரேட்டை வெச்சது யாருங்?" னு கேப்பா. எனக்குத் தல சுத்தும், கடையைப் பாக்கப் போயிடுவேன். ஊர்ல இருக்கற எல்லாக் கையும் துண்டுக்குள்ள வரணும், அதுதான் அவ கணக்கு. பழைய குடோன்ல பச்சை எழுத்து ஓடற பெட்டிகளை வெச்சா, பன்னண்டு ஊருக்குத் தென்னைமரம் தென்னைமரமா வயரை இழுத்தா, ஊருக்கு ஒரு பலகை, அதுல பத்தே பத்து எண்ணு, பேரத்தை முடிக்கறதுக்கு ஒரு பட்டன். வெச்ச வாரமே பன்னண்டு பட்டனும் ஒடைஞ்சு போச்சு. ஏன்னா பேரம் படிஞ்சா எங்காளு பட்டனை அமுக்க மாட்டான், உள்ளங்கையால ஓங்கித் தட்டுவான். அவ ஒரு நாள் முழுக்கத் தலையில கை வெச்சு உக்காந்திருந்தா, அப்புறம் ஆசாரிகிட்டப் போயிக் கை அகலத்துக்கு வேப்பங்கட்டை இழைச்சு, அடியில ஸ்பிரிங் வெச்சு மாட்டுனா. அதுக்குத் தட்டுக்கட்டைன்னு பேராச்சு. அப்படியும் ஏழு வருசம் அந்த மெசின் அரைகுறையாவே கெடந்துச்சு, ரேட்டைச் சொல்லக் கை இருக்கும்போது மெசினு எவனுக்கு வேணும்?

எட்டாவது வருசம் ஆவணி அஞ்சு. பதினோரு மணிக்குக் கை வந்துச்சு, ரேட்டுச் சொல்லலை. அடுத்த நாளும் சொல்லலை. ஊர்ல வதந்தி கெளம்புச்சு, மாசியில வெள்ளம்னான் ஒருத்தன், மஞ்சளே வெளையாதுன்னான் இன்னொருத்தன். ரேணுகா குடோன்ல இருந்த நேரமாப் பாத்து நான் பொங்கியண்ணன் கடைக்குள்ள போயிக் கதவைச் சாத்துனேன்.

"என்னடா ஆச்சு? கை வரலையா?"

"வருது."

"அப்புறம்?"

"வந்து பிடிச்சுக்குது. அவ்வளவுதான். விடவே மாட்டேங்குது. அழறவ பிடிக்கற பிடி, அவிநாசி." துண்டை எடுத்து மடிச்சான். "அவ சோத்தை மறந்தாலும் ரேட்டை மறக்கறவ இல்லை. எதுக்கு இப்படிப் பிடிக்கறான்னு உனக்கு நான் சொல்லணுமா?"

நான் விரல் விட்டு எண்ணிப் பாத்தேன். ஆவணி அஞ்சுல இருந்து ஆறு மாசம், மாசி அஞ்சு. மாசி நாலு வரைக்கும் அவ கை ரேட்டுச் சொல்லும், மாசி அஞ்சுல அவளுக்குச் சொல்ல முடியலை, அப்ப இவன் இல்லை. "டேய், அந்தக் கை ஒரு தடவை தப்புச் சொல்லியிருக்குதுடா, ஒம்பதுன்னு சொல்லி என் குடும்பத்தையே கெடுத்துச்சே, இதுவும் தப்பாத்தான் இருக்கும்" னேன். சொன்னது என் வாய்தான், அழுததும் நான்தான். அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன், டாக்டர் தட்டிக்கொட்டிப் பாத்துட்டுக் குதிரை மாதிரி இருக்கறீங்கன்னாரு. திரும்பி வர்ற வழியில பொங்கியண்ணன் சொன்னான், "அந்த ஒம்பதும் தப்பில்லைடா. அவ அன்னிக்கு ஒம்பதைத்தான் அழுத்துனா." அவகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டான்.

அப்புறம்தான் அவன் மெசினைக் கையில எடுத்தான். "அம்முணி, கையை நம்புனது போதும், மாசிக்குள்ள உன் மெசினை முடிச்சுரு" ன்னான். ஊர் ஊராப் போயி, பன்னண்டு ஊர் வெவசாயியையும் பலகைக்கு முன்னால உக்கார வெச்சான். அவங்களுக்கு ஒரே கூச்சம், பக்கத்து ஆளு எண்ணைப் பாத்துருவானேன்னு. கடைசியில ஒரு பெரியவரு தோள்ல கெடந்த துண்டை எடுத்துப் பலகை மேல போத்தி, அதுக்கடியில கையை விட்டுத் தட்டுனாரு பாருங்க, அன்னில இருந்து எல்லாரும் அப்படித்தான். ரேணுகா அதைப் பாத்துட்டு, "நான் ஏழு வருசமா யோசிச்சது ஒரு துண்டுல முடிஞ்சுதுங்களே" ன்னு சிரிச்சா. தையில மெசின் ஓடுச்சு. மண்டியில வெலை பச்சை எழுத்துல ஏறி எறங்குனதை ஊரே கனாக் காண்ற மாதிரி பாத்துட்டு நின்னுச்சு, அதுல பாதி எண்ணு எங்க கையி, எங்க பயம், எங்க ஆசை. அவ சந்தோசமா இருந்தா. அதைத்தான் அவனும் பாத்துட்டு இருந்தான், மெசினை இல்லை.

மாசி நாலு காலையில அவன் துண்டுக்குள்ள கையை விட்டவன் ரொம்ப நேரம் எடுக்கலை. எதிர்ல ரேணுகா வழக்கம் போல ரேட்டைச் சொல்லித் தட்டிட்டு மெசினைப் பாக்கப் போயிட்டா. நான் மூணாம் நம்பர்ல இருந்து பாத்துட்டே இருந்தேன். அவன் கையை எடுத்தான், தட்டலை. "அவிநாசி, இத்தனை வருசம் கை எனக்குச் சொல்லுச்சு, இன்னிக்கு நான் அதுக்கு ஒரு ரேட்டைச் சொல்லிட்டேன்" னான். "என்ன ரேட்டு?" ன்னேன். "ஆவணியில தெரிஞ்சுக்குவே" ன்னான். டீ சொன்னான், குடிச்சான், மஞ்ச மூட்டை மேல சாஞ்சான். நான் டம்ளரை வாங்கப் போனப்போ அவன் இல்லை.

மாசி அஞ்சு. பொணம் எடுத்த மறுநாள் பொம்பளை வெளிய வரலாமான்னு ஊர் பேசறதுக்குள்ள ரேணுகா மண்டிக்கு வந்துட்டா. "கை ரேட்டுச் சொல்லலைன்னு அவரு எந்தத் தேதியில இருந்து சொன்னாரு, அவிநாசியண்ணா?" ன்னு கேட்டா. "ஆவணி அஞ்சு" ன்னேன். அவளுக்கு அதுவே போதும். "ஆறு மாசம் சாவைத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கறாரு, நான் கையைப் பிடிச்சு அழுததால. இன்னிக்கு நான் பிடிக்க மாட்டேன். ரேட்டு அய்யாயிரத்து எரநூறு, அதைச் சொல்லித் தட்டிட்டு எந்திரிச்சுருவேன், அவருக்கு ஒண்ணுமே தெரியக் கூடாது, அந்த ஆறு மாசத்தை அவரு நிம்மதியா இருக்கட்டும்" னா. துண்டை விரிச்சா. கடிகாரம் பதினொண்ணு காட்டுச்சு. இடக்கையை விட்டா.

அய்யாயிரத்து எரநூறுன்னு அவ ஒதடு சொல்லிட்டே இருந்துச்சு. கை மட்டும் அசையலை. கால் மணி நேரம் கழிச்சு வெளிய எடுத்துட்டு என்னைப் பாத்தா. "சூடா இருக்குதுங்கண்ணா" ன்னா. "ரேட்டைச் சொல்லத்தான் போனேன், கை கேக்கலீங்."

தெனமும் முயற்சி பண்ணுனா, தெனமும் தோத்தா. பதினோரு மணி ஆனா எங்க மண்டியில தராசு நிக்கும், மூட்டை நிக்கும், பன்னண்டு ஊர்லயும் பச்சை எழுத்து அப்படியே நிக்கும், எந்த ஊர்லயும் ஒருத்தனும் கட்டையைத் தட்ட மாட்டான், அவ கையை எடுக்கற வரைக்கும். யாரும் சட்டம் போடலை. பங்குனி போச்சு, சித்திரை போச்சு, அவ பிடிச்ச கையில அய்ப்பசி மழை ஈரம் இருந்துச்சாம், மார்கழிக் குளிர் இருந்துச்சாம், தையில புது மஞ்ச வாசம் வந்துச்சாம். வந்து வந்து சொல்லுவா, நாங்க கேட்டுக்குவோம். இன்னும் எத்தனை நாளுன்னு அவளுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

ஆவணி நாலு, கடைசிக் கை. பன்னண்டு ஊரும் மண்டிக்கு வந்து நின்னுச்சு. அவ கையை விட்டா. ரொம்ப நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் அவ தோளு ஒரு தடவை குலுங்குச்சு, மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு, எட்டு வருசத்துக்கு முந்தி ஒரு தைப் பதினெட்டுல வந்திருக்க வேண்டிய சிரிப்பு. கொஞ்ச நேரம் கையை விரிச்சு உள்ளயே வெச்சிருந்தா, தட்டுக்காக. தட்டு வரலை. கை போயிடுச்சு.

நான்தான் கேட்டேன். "அம்முணி, என்ன ரேட்டு?"

"உள்ளங்கையை அழுத்துனாரு. நாலு விரலைப் பிடிச்சாரு" ன்னா. "ஒம்பதுங்கண்ணா."

நான் மண்டிக்கு நடுவுல நின்னு சின்னக் கொழந்தையாட்டம் அழுதேன், அதுல எனக்கு வெக்கமில்லை. அவ எந்திரிச்சுக் குடோனுக்குப் போனா, பலகை மேல அந்தத் துண்டைப் போத்தி, அடியில இடக்கையை விட்டு அமுக்குனா. திரையில வந்துச்சு: வாங்குபவர் பொங்கியண்ணன், மஞ்சள் ஒரு மூட்டை, ஒம்பதாயிரம். கட்டையைத் தட்டாம வந்துட்டா.

அதுக்கப்புறம் அவ மெசினைப் பாத்து வேற ஊர்க்காரங்க வந்தாங்க, மொளகாய்க்கு, ஏலக்காய்க்கு, பருத்திக்குன்னு செஞ்சு குடுத்தா, பெரிய பெரிய கட்டடத்துல எல்லாம் இப்ப அவ மெசின் ஓடுதாம். எங்க மண்டித் திரையில மேல இருந்து மொத வரி மட்டும் இத்தனை வருசமா மாறலை. எவன் வேணும்னாலும் ஒரு மூட்டையைப் போட்டுக் கட்டையைத் தட்டுனா ஒம்பதாயிரம் கைக்கு வரும், அவ குடுத்துருவா. எங்க ஊர் யாவாரியைப் பத்தி உங்களுக்குத் தெரியாது, எரியற வீட்டுல புடுங்கறது லாபம்ங்கற ஆளுக. ஒருத்தனும் தொடலை.

பொய் சொல்லக் கூடாது, நான் ஒரு தடவை போனேன். மஞ்சள் மூவாயிரத்துக்கு விழுந்த வருசம், எனக்குன்னு பாக்கியிருந்தது ஒரே ஒரு மூட்டை, அந்த அறுபது மூட்டைக்கு வட்டியாவாச்சும் ஒம்பதாயிரம் வந்துட்டுப் போகட்டும்னு மத்தியானம் ஆளில்லாத நேரமாப் பாத்துத் துண்டுக்கடியில கையை விட்டேன். கட்டை மேல உள்ளங்கையை வெச்சேன். வேப்பங்கட்டைதான், வெயிலும் இல்லை, ஆனா சூடா இருந்துச்சு, யாரோ இப்பத்தான் கையை எடுத்த மாதிரி. அப்படியே சித்த நேரம் வெச்சிருந்துட்டு, தட்டாம எடுத்துட்டேன். வீட்டுக்குப் போயி அந்த மூட்டையை மூவாயிரத்துக்கு வித்தேன்.

இன்னிக்குக் காலையிலயும் மண்டிக்குப் போகும்போது பாத்தேன். ஒரு மூட்டை, ஒம்பதாயிரம், பொங்கியண்ணன். நின்னுட்டுத்தான் இருக்குது.